பழைய சட்டமும் புதிய கம்பியும்: எஃகு மலைச் சைக்கிளின் ஜீரணோத்தாரணத்தில் ஒரு விசாரணை

திருவண்ணாமலையில் செங்கம் சாலையோரமாகக் காலை வேளையில் நடந்து செல்பவர்கள், பால் கேன் கட்டிய கறுப்புச் சைக்கிள்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள்களுக்கும் நடுவே, தடித்த முள்டயரும் மெலிந்த எஃகுக் குழாய்ச் சட்டமும் நேரான கைப்பிடியும் அதன்மேல் கட்டைவிரலுக்கு எட்டும்படி அமைந்த இரண்டு கியர்க் கோல்களும் உடைய பழைய மலைச் சைக்கிள் ஒன்றையாவது காண்பார்கள். ரமணாசிரமத்தை நாடி வந்து மாதக்கணக்கில் தங்கிய யாத்திரிகர்கள் ஊர் திரும்பும்போது விட்டுச் சென்றவை சில. பட்டணத்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தவை சில. அப்படி ஒன்று, 1980களின் கடைசியில் செய்யப்பட்டது, சில ஆண்டுகளுக்கு முன் என் கைக்கும் வந்து சேர்ந்தது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் முயற்சியில் நான் மிகவும் அற்பமென்று நினைத்திருந்த ஓர் உறுப்பே மிகுந்த யோசனையைக் கோரிற்று. பிரேக்கையும் கியரையும் இயக்கும் கம்பியும், அது ஓடும் உறையுமே அந்த உறுப்பு. கடைக்காரர்கள் ஒயர் என்றும் அவுட்டர் என்றும் சொல்லும் இவற்றைப்பற்றிய விஷயங்களை ஒருசேர ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழம்பொருளைப் புதுப்பிக்கிறவனுக்கு முதலில் எழும் சந்தேகம், எதைக் காப்பது, எதை மாற்றுவது என்பதாகும். இதற்கு இவ்வூரிலேயே ஒரு திருஷ்டாந்தம் உண்டு. கோயிலில் ஜீரணோத்தாரணம் நடக்கும்போது மூர்த்தியை யாரும் புதிதாகச் செய்வதில்லை. ஆனால் மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்து காலத்தால் உலர்ந்து பிடி தளர்ந்துவிடுகிறதென்பதால், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை நீக்கிவிட்டுப் புதிதாக இடித்துச் சாத்துவதே ஆகம வழக்கம். பழைய மருந்தையே வைத்திருப்பது பக்தி என்று யாரும் சொல்லத் துணிவதில்லை. மலைச் சைக்கிளின் எஃகுச் சட்டமும் பிரேக் கோலும் கியர்க் கோலும் மூர்த்தியின் ஸ்தானத்தில் இருப்பவை. கம்பியும் உறையும் அஷ்டபந்தனம். முப்பது ஆண்டுப் பழமையுள்ள கம்பி என்பதற்காக அதைப் போற்றி வைத்துக்கொள்பவர், கண்ணுக்கு விருந்து வைத்து உயிருக்கு ஆபத்தை வாங்கிக்கொள்கிறார் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆயினும், புதிய கம்பி எதுவானாலும் போதும் என்று எண்ணுவதும் அதே அளவு தவறு. பழைய யந்திரம் எந்த ஜாதிக் கம்பியைக் கருதிச் செய்யப்பட்டதோ அந்த ஜாதியில் புதியதைத் தேடிப் போடவேண்டும். விஷயத்தின் சாரம் இவ்வளவே, கஷ்டமெல்லாம் விவரங்களில் இருக்கிறது.

நம் நாட்டுச் சைக்கிள் கடைகளுக்குக் கம்பியும் உறையும் பூர்வீகமான சொத்தல்ல என்பதை முதலில் நினைவில் வைக்கவேண்டும். 1949-இல் தோன்றி அம்பத்தூரில் தொழிற்சாலை நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனமும், அதன் பிறகு லூதியானாவிலும் சோனிபட்டிலும் எழுந்த தொழிற்சாலைகளும் நமக்குப் பழக்கிய கனத்த சைக்கிள், பிரேக்கை விறைப்பான இரும்புக் கோல்களால் இயக்கியது. கைப்பிடியிலிருந்து கீழிறங்கி, முட்டியில் மடங்கி, சக்கரத்தின் விளிம்பை உட்புறமிருந்து மேலே இழுக்கும் அந்தக் கோல்பிரேக்கில் உராய்வுக்கு இடமில்லை, உறையில்லை, உள்ளே துருப்பிடிக்கும் இருட்டுமில்லை. கெட்டால் கண்ணுக்குத் தெரியும், தெரிந்தால் சுத்தியால் சரிசெய்யலாம். அந்தக் கோல்களில் கைபழகிய மேஸ்திரிகளுக்கு, வெளியே பளபளப்பாகவும் உள்ளே நோயுற்றும் இருக்கக்கூடிய கம்பியுறை என்பது சுபாவத்திலேயே வேறுபட்ட பொருள். 1896-இல் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பு, வளைந்து வளைந்து சென்றாலும் இழுவிசையைக் கொண்டுசேர்க்கும் அற்புதத்தைச் செய்கிறது. அந்த அற்புதத்துக்கு விலையாக, ஒவ்வொரு வளைவிலும் சிறிது பலத்தைப் பிடித்துக்கொள்கிறது.

மலைச் சைக்கிளின் கதையே நல்ல பிரேக்கைத் தேடிய கதைதான். கலிபோர்னியாவில் டமால்பைஸ் என்னும் மலையை ஒட்டிய செங்குத்தான மண்பாதையில் 1976-இல் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் பந்தயம் இறங்கத் தொடங்கினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் சூடேறி அச்சுக்குடத்திலிருந்த கிரீஸ் புகைந்து போய்விடுவதும், ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் கிரீஸை மறுபடி அடைக்க வேண்டியிருந்ததும் வழக்கமாகிவிட்டபடியால், அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’, அதாவது மறு அடைப்பு, என்று பெயர் வந்தது. அடுத்த ஆண்டே ஜோ பிரீஸ் என்பவர் இந்தக் காரியத்துக்கென்றே எஃகுச் சட்டம் ஒன்றைச் செய்தார். கம்பியால் இயங்கும் கேன்டிலீவர் பிரேக்கை அதில் பொருத்தினார். 1981-இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வெளிவந்தபோது மலைச் சைக்கிள் தொழிற்சாலைப் பண்டமாயிற்று. இந்த வம்சத்தில் வந்த எஃகுச் சைக்கிள்கள்தாம் இன்று நாம் புதுப்பிக்க எடுத்துக்கொள்பவை. அவற்றின் பிரேக், கியர் இரண்டுமே கம்பியை நம்பி உயிர் வாழ்கின்றன.

கம்பி எங்கே பலத்தை இழக்கிறது என்பதைக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது. ஒரு தூணில் கயிற்றைச் சுற்றிவிட்டுப் பிடித்துக்கொண்டால் மாடு இழுத்தாலும் கயிறு நழுவாது. தேர்வடத்தைத் தூணில் சுற்றித் தளர்த்துவோருக்கு இது தெரியும். உறைக்குள் வளைந்து செல்லும் கம்பிக்கும் அதே விதிதான். உராய்வுக் குணகம் 0.1 என்று வைத்துக்கொண்டால், வழியிலுள்ள வளைவுகளின் கோணங்கள் கூடி 180 பாகை ஆகும்போது, கையில் கொடுத்த 100 பங்கு விசையில் 73 பங்குதான் பிரேக்குக்குப் போய்ச் சேர்கிறது. அதே வழியில் துருவும் மண்ணும் சேர்ந்து குணகம் 0.2 ஆகிவிட்டால் 53 பங்குதான் மிஞ்சும். கம்பியின் நீளமல்ல, வளைவுகளின் கூட்டுத்தொகைதான் எதிரி என்பதும், வழவழப்புச் சற்றே குறைந்தாலும் நஷ்டம் பெருகிவிடும் என்பதும் இந்தக் கணக்கின் பாடங்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றதும் பிரேக் கட்டையை மாற்றச் சொல்லும் நம் பழக்கம் பெரும்பாலும் நோயை விட்டுவிட்டு வேறிடத்தில் வைத்தியம் செய்வதாகவே முடிகிறது.

என் சைக்கிளை நான் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு முதியவரின் கடைக்கு. அவர் பின்பிரேக்கின் உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, “வெளி ஒயரு நல்லாத்தானே இருக்குது சார், உள் ஒயர மட்டும் மாத்திக் குடுத்துடறேன்” என்றார். “ஐயா, ஒரு தடவை அறுத்துப் பார்த்துடலாமே” என்று நான் வேண்டிக்கொண்டேன். அரைமனத்தோடு ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்தார். கறுப்புப் பிளாஸ்டிக் தோலுக்கு உள்ளே, சுருளாக வளைத்த தட்டைக் கம்பியின் இடுக்குகளிலெல்லாம் செம்மண்ணும் துருவும் குழம்பாகி உறைந்து, விபூதிப் பைக்குள் குங்குமம் கொட்டியதுபோல் இருந்தது. மிகவும் தாழ்ந்த வளைவில் உறை தன் சுருள்களையே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கல்லாயிருந்தது. பெரியவர் விரலால் தேய்த்துப் பார்த்து, “இத்தன வருஷமா இதுக்குள்ளதான் எண்ணெய விட்டுக்கிட்டிருந்தேனா!” என்றார். அன்றிலிருந்து அந்தக் கடையில் பழைய சைக்கிளுக்குக் கம்பி மாற்றினால் உறையையும் சேர்த்தே மாற்றுகிறார்கள்.

உறைகளில் இருவகை உண்டு. இவ்விரண்டையும் மாற்றிப் போடுவதைப்போல் ஆபத்தான தவறு இந்தத் துறையில் வேறில்லை. பிரேக்குக்கான உறை, தட்டைக் கம்பியை நெருக்கமான சுருளாகச் சுற்றி, உள்ளே வழவழப்பான குழலும் வெளியே தோலும் இட்டது. பொதுவாக 5 மில்லிமீட்டர் தடிமன். கையை இறுக்கினால் சுருள்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். எவ்வளவு பலத்தையும் பொறுக்கும். ஆனால் அதை வளைத்தால் வளைவின் வெளிப்பக்கத்தில் சுருள்கள் விலகி உறையின் நீளம் சிறிது மாறிவிடுகிறது. பிரேக்குக்கு இது பொருட்டல்ல. படிப்படியாகச் சொடுக்கி நிற்கும் கியருக்கோ மிகவும் பொருட்டு. ஷிமானோ நிறுவனம் 1984-இல் அத்தகைய கியரைச் சாலைச் சைக்கிளுக்கும், 1987-இல் தன் டியோர் எக்ஸ்.டி. வரிசை வழியாக மலைச் சைக்கிளுக்கும் கொண்டுவந்த பிறகு, நீளம் மாறாத உறை தேவையாயிற்று. அதில் எஃகு இழைகள் சுருளாக இல்லாமல் உறையின் போக்கிலேயே நேராகக் கிடக்கின்றன. தோல் மட்டுமே அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. தடிமன் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர். இதைப் பிரேக்கில் போட்டு முழுப் பலத்தோடு இறுக்கினால், இழைகள் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே பிதுங்கி, பிரேக் ஒரு நொடியில் இல்லாமற் போகலாம். கடையில் இருப்பு இல்லையென்று யாராவது கியர் உறையைப் பிரேக்குக்குக் கொடுத்தால், வாங்காமல் திரும்பி வருவதே சரி.

இதற்கு மறுதலையான கேள்வி சர்ச்சைக்குரியது. என்னுடையதைப் போன்ற பழைய சைக்கிளில் சொடுக்கு இல்லாத, வெறும் உராய்வால் நிற்கும் கியர்க் கோல் இருக்குமானால், அதற்குச் சுருள் உறையே போதும். உற்பத்திக் காலத்தில் இருந்ததும் அதுதான். எனவே அதையே போடவேண்டும் என்பது பழமைவாதிகளின் வாதம். நான் இரண்டையும் போட்டு ஓட்டிப் பார்த்தேன். சுருள் உறையோடு கியர் தவறவில்லை, ஆனால் கோலை எவ்வளவு தள்ளவேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் விரல் தேடிக்கொண்டிருந்தது. நேரிழை உறையைப் போட்டபின் விரலுக்கு அந்தத் தேடல் இல்லை. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத இடத்தில் நல்லதை ஏற்றுக்கொள்வது பழமைக்குத் துரோகமாகாது. உறையின் நிறம் மட்டும் கண்ணுக்குத் தெரிவது. அதில் பழைய நிறத்தைத் தேடி அலைபவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

இனி உள்ளே ஓடும் கம்பி. பிரேக்குக்கு 1.5 அல்லது 1.6 மில்லிமீட்டர், கியருக்கு 1.2 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு. இவற்றைவிட முக்கியமானது முனையிலுள்ள குண்டின் வடிவம். மலைச் சைக்கிளின் பிரேக் கோலுக்குள் உருளை வடிவக் குண்டு குறுக்கே அமர்ந்து திரும்பும். வளைந்த கைப்பிடிச் சைக்கிளுக்கோ பேரிக்காய் வடிவக் குண்டு. ஓசூரில் 1980 முதல் செய்யப்பட்ட மொபெட்டுகள் நம் ஊர்களெங்கும் பரவியபடியால், மொபெட்டின் பிரேக் கம்பியையே சைக்கிளுக்கு வெட்டிப் போட்டுவிடும் ஆசை கடைகளில் எழுவது இயல்பு. பெரியது பலமானது என்று தோன்றும். ஆனால் கனத்த கம்பி சின்ன வளைவில் வளைய மறுக்கும், குண்டு தன் குழியில் திரும்பாமல் கம்பியையே மடக்கும், மடங்கிய இடத்தில் ஒவ்வோர் இழையாக அறும். குண்டுக்கு ஒரு சொட்டு எண்ணெயிட்டு அது குழியில் தாராளமாகத் திரும்புகிறதா என்று விரலால் சோதிப்பது, எந்த விலையுயர்ந்த கம்பியைவிடவும் அதிக ஆயுளைத் தரும்.

துத்தநாகப் பூச்சுள்ள சாதாரண எஃகுக் கம்பியா, நாம் எவர்சில்வர் என்று சொல்லும் துருவேறாத எஃகா என்பது அடுத்த விவாதம். முன்னது மலிவு; முனையில் ஈயம் பற்றவைத்தால் இழை பிரியாமல் அழகாக நிற்கும். பின்னதில் சாதாரண ஈயப்பற்று ஒட்டாது. சிறு அலுமினியத் தொப்பியை நசுக்கித்தான் முனையைக் காக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையும் பங்குனி முதல் வீசும் புழுதியும் மாறி மாறி வரும் இவ்வூரில், பூச்சு தேய்ந்த இடத்தில் துரு நுழைய ஒரு மழைக்காலம் போதும். ஆகையால் எவர்சில்வரையே நான் சிபாரிசு செய்கிறேன். விலை வித்தியாசம் சட்டத்துக்குப் பூசும் வர்ணத்தின் செலவில் சிறு பங்குகூட ஆகாது. மேலே வழுக்குப் பூச்சுப் பூசிய விலையுயர்ந்த கம்பிகளைப்பற்றி எனக்கு உற்சாகமில்லை. பூச்சு தேய்ந்து உதிரும்போது அந்தத் தூளே உறைக்குள் தங்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

எந்தக் கம்பியை வாங்கினாலும் உறையை அறுத்த விதம்தான் அதன் விதியைத் தீர்மானிக்கிறது. சாதாரணக் கட்டிங் பிளேயரால் நறுக்கினால் சுருள் நசுங்கி, ஒரு கூரிய முள் உட்புறம் திரும்பி, கம்பி ஓடும்தோறும் அதைச் சீவிக்கொண்டே இருக்கும். அறுத்த முகத்தை அரத்தால் சமமாக ராவி, உள்குழலின் வாயைக் கோணி ஊசியால் மெல்ல விரித்து, முனைத்தொப்பியைப் போட்டு, அதன் பிறகே கம்பியை நுழைக்கவேண்டும். கைப்பிடியை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, இழுபடாத குறைந்த நீளத்தை நிர்ணயிப்பதும் அவசியம். நீளம் குறைந்தால் திரும்பும்போது பிரேக் தானே பிடிக்கும், கூடினால் வேண்டாத வளைவு ஒன்று சேரும். இதற்கெல்லாம் ஒரு கம்பிக்கு அரைமணி நேரம் பிடிக்கிறது. அவசரப்படுகிற நாளில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே மேல்.

கேன்டிலீவர் பிரேக்கில் உள்ள ஓர் ஆபத்தை விரித்துச் சொல்லியாக வேண்டும். கைப்பிடியிலிருந்து வரும் முதன்மைக் கம்பி சக்கரத்துக்கு மேலே முடிந்து, இரண்டு பிரேக் கைகளையும் இணைக்கும் குறுக்குக் கம்பியை நடுவில் தூக்கிப் பிடிக்கிறது. அந்தக் குறுக்குக் கம்பி தாழ்ந்திருந்தால் பிடி பலமாகவும், உயர்ந்திருந்தால் மென்மையாகவும் இருக்கும்; ஆகையால் டயரைத் தொடாத அளவுக்குத் தாழ்த்திக் கட்டுவது வழக்கம். முதன்மைக் கம்பி அறுந்தால் பிரேக் இல்லாமல் போவதோடு விபத்து நிற்பதில்லை. தொங்கிய குறுக்குக் கம்பி டயரின் முள்ளில் மாட்டிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். ஒருநாள் விடியலில் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை அருகே எனக்கு இது நேர்ந்தது. மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபடியால் உள்ளங்கைகள் சிராய்ந்ததோடு தப்பினேன். எழுந்து பார்த்தபோது, கம்பி அறுந்த இடம் திருகாணி அழுத்திய இடமே. பத்தொன்பது இழைகளில் பெரும்பாலானவை பழைய கறுத்த முறிவுகளாக இருந்தன, இரண்டோ மூன்றோதான் அன்று காலை வெள்ளையாகப் பளிச்சென்று முறிந்தவை. அந்தக் கம்பியை நான்தான் ‘இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்’ என்று விட்டுவைத்திருந்தேன். அந்நாளைய உற்பத்தியாளர்கள் முன்சக்கரத்துக்கு மேலே பிரதிபலிப்பான் தாங்கி ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். தொங்கும் கம்பியைத் தாங்கும் வேலையும் அதற்கு உண்டு. அழகுக்குத் தடையென்று அதைக் கழற்றி எறிபவர்கள் தயவுசெய்து யோசிக்கவேண்டும்.

பராமரிப்பு விஷயத்தில் எண்ணெயைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். வீட்டில் கைக்கெட்டும் தேங்காயெண்ணெயை விடுவது நம் பழக்கம். அது நாளடைவில் காறிப் பிசினாகிப் புழுதியைப் பிடித்துக்கொள்கிறது, மார்கழிக் குளிரில் உறைகிறது. கனத்த கிரீஸ் பழைய, உள்குழல் இல்லாத உறைக்கு ஏற்றதாக இருக்கலாம். குழலிட்ட இன்றைய உறையில், அதிலும் கியர்க் கம்பியில், கோலைத் தளர்த்தினாலும் கம்பி திரும்பத் தயங்குவதற்கு அதுவே காரணமாகிறது. தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் நனைத்துக் கம்பியைத் துடைத்துவிடுவது போதுமானது என்பது என் அனுபவம்.

இந்தத் துடைப்பை எளிதாக்கவே பழைய எஃகுச் சட்டங்களில் உறை அமரும் கொக்கிகள் பிளவுபட்டு அமைக்கப்பட்டன. பிரேக்கில் குறுக்குக் கம்பியை விடுவித்தாலே உறை தளர்ந்து பிளவு வழியாக வெளியே வந்துவிடும். கியருக்கு, பெடலைச் சுற்றிச் சங்கிலியைப் பின்புறப் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றிவிட்டு, சக்கரத்தை நிறுத்தி, கோலை மட்டும் முழுதும் தளர்த்தினால் கம்பி தொய்ந்து உறைகள் கழன்றுவிடும். உறையை அப்படியே கம்பிமீது நகர்த்தி, மறைந்திருந்த பாகத்தைத் துடைத்து மறுபடி வைக்கலாம்; ஒரு ஸ்பேனரும் வேண்டாம். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையும் மற்றக் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இதைச் செய்கிறேன். மண் நுழையாதிருக்க உறையை முனைமுதல் முனைவரை ஒரே துண்டாக ஓட்டவேண்டும் என்று சிலர் சொல்வதில் கடலோர ஊர்களுக்கு நியாயம் இருக்கலாம். இங்கே, உள்ளே சென்ற நீர் வெளியேறவும் கண் பார்க்கவும் வழியுள்ள பழைய அமைப்பையே மாற்றாமல் வைப்பது நல்லது. பின்கியருக்குச் செல்லும் கடைசி வளைவு மாத்திரம், நீரெல்லாம் வந்து தங்கும் தாழ்விடமாகையால், ஆண்டுதோறும் மாற்றப்படவேண்டும். ஒரு முழத்துக்கும் குறைந்த உறைதான் அது.

கடைகளில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வேலை செய்யும் வழக்கமும் இங்கே கவனத்துக்குரியது. கறுப்புச் சைக்கிளுக்கு அதனால் கெடுதியில்லை. மலைச் சைக்கிளிலோ கைப்பிடிக்கு மேலே நிற்கும் கியர்க் கோல்களின்மீது முழு பாரமும் ஏறி, உறைகள் கோலடியில் மடங்கி ஒடிகின்றன. மடங்கிய உறை பிறகு ஒருநாளும் நேராவதில்லை. என் வீட்டில் வேப்பங்கிளையில் ஒரு கயிற்றைக் கட்டி, சைக்கிளின் இருக்கையை அதில் மாட்டித் தொங்கவிட்டு வேலை செய்கிறோம். பெரியவரின் கடையிலும் இப்போது உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்குகிறது.

கார்த்திகை தீபத்துக்கு முந்திய வாரங்களில் இவ்வூரில் மழை தவறுவது அபூர்வம். தீபம் முடிந்து பாதையில் கூட்டம் குறைந்ததும் கிரிவலத்தின் 14 கிலோமீட்டரையும் சைக்கிளில் சுற்ற நினைப்பவர்கள் பலர். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: ஐப்பசி பிறக்குமுன் ஒருநாள், முன்பிரேக் கம்பியின் குண்டுப் பக்கத்தையும் திருகாணிப் பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் தடவிப் பாருங்கள், ஓர் இழை நகத்தில் தட்டினாலும், அன்றைக்கே அந்தக் கம்பியை மாற்றிவிடுங்கள்.